மன்னார் காற்றாலைகளும் வலசைப் பறவைகளும்: சாவைக் குறைக்க உண்மையில் எது உதவும்?

நெய்தல்கரை (மன்னார்)

வணக்கம். எங்கள் தீவில் காற்றாலை பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இரண்டு குரல்தான் கேட்கும். ஒன்று, வேண்டவே வேண்டாம். மற்றது, நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா. தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், தெற்குக் கரை நெடுக நிற்கின்றன. அவை நாளைக்கே கழற்றப்படப் போவதில்லை. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட்டுக்குப் போட்ட திட்டத்தை 2025 பெப்ரவரியில் கைவிட்டது. ஆனாலும் புதிய திட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, போராட்டமும் ஓயவில்லை.

நான் கேட்பது இதுதான். நிற்கிற காற்றாலைகளால் பறவைகள் சாவதைக் குறைக்க, வேறு நாடுகளில் செய்து பார்த்துப் பலன் கண்ட வழிகள் எவை? "தணிப்பு நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவார்கள், அதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லும் அளவுக்கு விவரம் வேண்டும்.

இடம் தெரியாதவர்களுக்கு: மன்னார், மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்கு முனை. இந்தியக் கரையை விட்டுக் கிளம்பும் பறவைகளுக்கு இலங்கையில் முதலில் தட்டுப்படும் நிலங்களில் ஒன்று. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தருகே வங்காலைச் சரணாலயம், 2010 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். தீவின் மறுமுனையில் தலைமன்னாரைத் தாண்டினால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள், 2015 முதல் தேசியப் பூங்கா. ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் கூட்டம் கூட்டமாக இறங்கும் களப்பு இது.

மின்கணக்கு (கொழும்பு)

நல்ல கேள்வி. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் எரிகிறது. அதன் சாம்பலையும் புகையையும் அங்குள்ள சனம்தான் சுவாசிக்கிறது. 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல காற்று வீசும் இடத்தில் மன்னாருக்கு ஈடாக இலங்கையில் வேறு இடம் சொல்வது கடினம். கடல் மட்டம் ஏறினால் அந்தக் களப்பே இருக்காது, அப்போது பறவை எங்கே இறங்கும்? குறைக்கும் வழிகளைப் பேசுவோம், மனதார வரவேற்கிறேன். காற்றாலையே கூடாது என்று முடிகிற பேச்சாக மட்டும் இது ஆகிவிடக் கூடாது.

பேசாலைக் கரை

அண்ணா, எங்கள் வீட்டிலும் மின்சாரம் வேண்டும்தான். ஆனால் கேட்காமல் கொண்டுவந்து நட்டுவிட்டு, பிறகு "எப்படிக் குறைக்கலாம், சொல்லுங்கள்" என்பது எங்களுக்கு வலிக்கிறது. காற்றாலைக்குப் பாதை போட்ட பிறகு மழை வெள்ளம் வடியாமல் நிற்கிறது என்று ஊரில் எத்தனையோ பேர் சொல்கிறார்கள். இல்மனைட் என்ற கனிமத்துக்காக மண் அகழ்வு வேறு. பறவைக்கு வருகிற கேடும் எங்களுக்கு வருகிற கேடும் ஒரே வாசலால்தான் வருகின்றன: எங்கே நடுவது என்று முடிவெடுக்கும்போது இங்கு வாழ்கிற யாரையும் கேட்கவில்லை.

கூந்தன்குளம் பறவை (நெல்லை)

பேசாலைக் கரை சொன்னதிலிருந்தே தொடங்கலாம். காற்றாலையால் காட்டுயிர்களுக்கு வரும் இழப்பில் பெரும்பகுதி, இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பின்னால் எவ்வளவு கருவி மாட்டினாலும் தவறான இடத்தை அவை சரியான இடமாக்காது.

கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் கணவாய் என்று ஒரு இடம். பொன்னிறக் கழுகுகள் நெருக்கமாக வாழும் மலைச்சரிவில், எண்பதுகளில் ஆயிரக்கணக்கான சிறிய காற்றாலைகளை நட்டார்கள். ஆண்டுக்கு 75 முதல் 110 பொன்னிறக் கழுகுகள் அங்கே அடிபட்டுச் சாகின்றன என்று 2004இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதன் பிறகு வழக்கு, உடன்படிக்கை, பழையவற்றை அகற்றிவிட்டுக் குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை நடுவது என்று பல ஆண்டுகள் போராடினார்கள். இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இந்தியாவில் நிலைமை எப்படி என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலைத் திட்டங்களே இல்லை. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. நடுவதற்கு முன் பறவைகளைக் கணக்கெடுக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மன்னாரிலாவது கடன் கொடுத்த ஆசிய அபிவிருத்தி வங்கி கேட்டதால் ஆய்வு நடந்தது, ராடார் வைத்துப் பறவைகளைக் கவனிக்கும் ஏற்பாடு திட்டத்துக்குள் வந்தது. எங்கள் பக்கம் அதுவும் கிடையாது.

இன்னொன்று. அடிபட்டுச் சாவது மட்டும் இழப்பு அல்ல. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிட்டன. பருந்து குறைந்ததும், அதற்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. பெருகியதோடு நிற்கவில்லை, அவற்றின் நடத்தையே மாறிவிட்டது. ஆள் கிட்டே போனாலும் சீக்கிரம் ஓடுவதில்லை, உடலில் பதற்றச் சுரப்பும் குறைவு. சுழலியில் அடிபட்டு விழும் பறவைகளின் எண்ணிக்கையைத் தாண்டி, அந்த மேட்டின் வாழ்க்கையே மாறியிருக்கிறது. செத்த பறவையை மட்டும் எண்ணினால் இது கண்ணிலேயே படாது.

வடகடல் (நோர்வே)

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில். இங்கே ஸ்மோலா என்ற தீவில் 68 காற்றாலைகள் நிற்கின்றன. வெண்வால் கடற்கழுகுகள் மிக நெருக்கமாகக் கூடு வைக்கும் இடம் அது. அங்கே எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு நிறம் அடித்தார்கள். மூன்றும் வெள்ளையாகச் சுற்றும்போது பறவையின் கண்ணுக்கு அது ஒரே மங்கலாகத் தெரிகிறதாம். ஒன்று கறுப்பாக இருந்தால் அசைவு தெரியும். பக்கத்தில் நிறம் அடிக்காமல் விட்டவற்றோடு ஒப்பிட்டால் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. முடிவு 2020இல் வெளியானது.

இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்தால் போதும் என்று பலர் முகநூலில் பகிர்கிறார்கள். தயவுசெய்து கவனம். அது நான்கே நான்கு காற்றாலைகளில் நடந்த சோதனை. அங்கே முக்கியமாக இருந்தது கழுகு. மன்னாரில் இரவிலும் விடியலிலும் பறக்கும் வாத்துக்கும் பூநாரைக்கும் அதே பலன் கிடைக்குமா என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். செலவு குறைவு என்பதால் செய்து பார்க்கலாம், அவ்வளவே. நட்ட பிறகு உயரத்தில் தொங்கிக்கொண்டு அடிப்பதைவிட, புதிதாக வருகிற இறக்கைக்குத் தொழிற்சாலையிலேயே அடித்து அனுப்பச் சொல்வது சுலபம்.

நோர்வேயிலும் ஊரைக் கேட்காமல் நட்ட கதை உண்டு. ஃபோசன் பகுதியில் சாமி என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கும் குளிர்கால நிலத்தில் காற்றாலைகள் வந்தன. கலைமான்கள் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கின. உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் சுழலிகள் ஓடத் தொடங்கிவிட்டன, தீர்ப்புக்குப் பிறகும் ஓடின. பேசாலைக் கரையின் ஆத்திரம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

மின்கணக்கு (கொழும்பு)

சரி, இடத்தேர்வை ஒப்புக்கொள்கிறேன். நிற்கிற முப்பதுக்கு வருவோம். பறவை வரும்போது நிறுத்து என்றால் எத்தனை மணி நேரம் நிறுத்துவது? மின்சார சபைக்கு அது பெரிய நட்டமாகாதா? இடையிடையே நிறுத்தி ஓட்டினால் இயந்திரம் கெடாதா? பொறியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி)

நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். பழைய 250 கிலோவாட் மெஷினிலும் ஏறியிருக்கிறேன், புதிய பெரிய மெஷினிலும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

புதிய மெஷினில் ஒவ்வொரு இறக்கையும் அதனதன் அச்சில் திரும்பும். இதைப் பிட்ச் என்போம். கன்ட்ரோல் ரூமில் இருந்து ஸ்டாப் கொடுத்தால் மூன்று இறக்கையும் காற்றுக்கு விளிம்பைக் காட்டும்படி திரும்பிக்கொள்ளும். காற்று பிடி கிடைக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், சுற்று தானாகக் குறையும். பிரேக் போட்டு இறுக்கிப் பிடிக்கிற வேலை இதில் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் முனை வேகம் ஆபத்தில்லாத அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம் சும்மா மெல்ல ஆடிக்கொண்டு நிற்கும். திரும்ப ஸ்டார்ட் கொடுத்தால் சில நிமிடத்தில் கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், சேர்ந்துவிடும். இப்படி நிறுத்துவதற்கென்றே அமைத்த மெஷின்தான் அது. இதனால் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மன்னாரில் நிற்பதும் இந்த வகைதான்.

பழைய மெஷின் வேறு. இறக்கை நடுவில் இருக்கும் ஹப்போடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். நிறுத்தணும் என்றால் இறக்கையின் நுனித் துண்டு மட்டும் திரும்பி வேகத்தைக் குறைக்கும், அப்புறம் டிஸ்க் பிரேக் பிடிக்கும். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்தால் பிரேக் பேடும் கியர்பாக்ஸும் தாங்காது. எங்கள் முப்பந்தல் பக்கம் இந்த வகை இன்னும் ஏராளம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நட தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை அறிவித்தது. மாற்றும்போதே பறவைக்காக நிறுத்தும் ஏற்பாட்டையும் நிபந்தனையாக வைத்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

நட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்று சொல்லணும். சீசனில் கிரிட் தாங்காது என்று சொல்லி நல்ல காற்றிலேயே எங்களை பேக்-டவுன் செய்யச் சொல்வார்கள். மெஷின் தயாராக இருக்கும், காற்றும் இருக்கும், நிறுத்தி வைத்திருப்போம். கிரிட்டுக்காக நிறுத்த முடிகிறது. பறவைக்காக என்று வந்தால் மட்டும் முடியாது என்பதை ஒரு டெக்னீஷியனாக என்னால் ஏற்க முடியவில்லை.

கூந்தன்குளம் பறவை (நெல்லை)

ஆரல்காற்று அண்ணன் சொன்னதற்கு ஸ்பெயினில் கணக்கே இருக்கிறது. தரிஃபா, ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கம். ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் பறவைகள் கடல் தாண்டும் குறுகிய வாசல் அது. அங்கே கிரிஃபான் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகு வகை) நிறைய அடிபட்டன. 2008இலிருந்து, பயிற்சி பெற்ற ஆட்களைத் தொலைநோக்கியோடு வெளியில் நிறுத்தினார்கள். பாறு ஒரு குறிப்பிட்ட காற்றாலையை நோக்கி வருகிறது என்று கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அந்த ஒன்றை மட்டும் நிறுத்துவார்கள். முழுப் பண்ணையையும் நிறுத்துவதில்லை. 2020 வரையான கணக்கைப் பார்த்தால் பாறுகளின் சாவு 92 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இழந்த மின்சாரம் ஏறத்தாழ அரை சதவீதம்.

மின்கணக்கு ஐயா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த அரை சதவீதம்தான். ஆனால் அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், கண்டதும் நிறுத்தும் அதிகாரம் அந்த ஆளின் கையில் இருக்க வேண்டும். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால் பறவை அதற்குள் போய்விடும்.

நெய்தல்கரை (மன்னார்)

இந்தத் தரிஃபா விவரம் எனக்குப் பெரிய உதவி. இதோடு எங்கள் காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே பலத்த காற்று மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி அப்போதுதான். வலசைப் பறவைகள் வந்து தங்குவது ஒக்டோபர் முதல் மார்ச், ஏப்ரல் வரை. இடையில் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று கொஞ்சம் உண்டு. ஆகப் பறவைகள் மிகுந்திருக்கும் மாதங்களில் தேவைப்படும் நேரம் நிறுத்தினால், உற்பத்தி குறைந்த பருவத்தில்தான் கை வைக்கிறோம். ஸ்பெயினைவிட எங்களுக்கு இது சுலபமாக இருக்க வேண்டும்.

கூந்தன்குளம் பறவை (நெல்லை)

வலசை வாத்துகளுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆதாம் பாலத்துத் திட்டுகளில் ஆலா என்ற கடற்பறவைகள் கூடு வைப்பது அதே தென்மேற்குக் காற்றுக் காலத்தில். செம்பருந்து போன்ற உள்ளூர்ப் பறவைகள் ஆண்டு முழுக்க இருக்கும். குளிர்காலத்தில் மட்டும் கவனித்தால் போதும் என்று அதிகாரிகள் இதைப் பிடித்துக்கொள்ள விடாதீர்கள். திட்டுகளை நோக்கிக் காற்றாலை நகரவே கூடாது என்பது தனிக் கோரிக்கையாக இருக்கட்டும்.

வௌவாலையும் மறக்க வேண்டாம். காற்றாலையால் சாகும் வௌவால்கள் பல நாடுகளில் பறவைகளைவிட அதிகம். அவை பெரும்பாலும் காற்று குறைந்த இரவுகளில்தான் பறக்கின்றன. அந்த நேரத்தில் மின்சாரமும் சொற்பம்தான் கிடைக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் காசெல்மன் பண்ணையில், காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகே சுழலியை ஓடவிட்டார்கள். வௌவால் சாவு இரவுக்கு இரவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதற்கு ராடாரும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி)

அது கட்-இன் வேகம். நாங்கள் வினாடிக்கு 3, 3.5 மீட்டரில் வைத்திருப்பதை இரவில் மட்டும் 5 என்று ஏற்றினால் வேலை முடிந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்தே செய்யலாம்.

பேசாலைக் கரை

சுழலியைப் பற்றி மட்டும் கதைக்கிறோம். கம்பியை விட்டுவிட்டோம். தீவில் எடுக்கிற மின்சாரம் பெருநிலத்துக்குப் போகிற பாதை வங்காலைப் பக்கத்தால்தான். பூநாரை மாலை மங்கிய பிறகும் இடம் மாறும். கழுத்தையும் காலையும் நீட்டிக்கொண்டு தாழப் பறக்கும். இருட்டில் கம்பி எப்படித் தெரியும்?

கூந்தன்குளம் பறவை (நெல்லை)

மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். ராஜஸ்தானில் கானமயிலை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் உயர் அழுத்தக் கம்பிக்குப் பெரிய பங்கு. அதன் பார்வை பக்கவாட்டில் விரிந்தது, நேர் எதிரே குறுகியது. உடலோ கனம், கடைசி நொடியில் திரும்ப முடியாது. அதன் வாழிடத்தில் கம்பிகளை நிலத்தடியில் போடச் சொல்லி 2021 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செலவும் தொழில்நுட்பச் சிக்கலும் சொல்லப்பட்டு 2024இல் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது.

கம்பியில் தொங்கவிடும் அடையாள வில்லைகள் மோதலை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரவில் பறக்கும் பறவைக்கு ஒளிரும் வகை வேண்டும். சரணாலயத்தை ஒட்டிய பகுதியில் நிலத்தடிக் கம்பி கேளுங்கள். கிடைக்காத இடத்துக்கு வில்லை கேளுங்கள்.

மின்கணக்கு (கொழும்பு)

இதையெல்லாம் படித்த பிறகு கேட்கிறேன். தம்பபவனியில் எத்தனை பறவைகள் சாகின்றன என்ற கணக்கை யார் எடுக்கிறார்கள்? ராடார் இருந்தால் அதன் பதிவு எங்கே? அரை சதவீத இழப்பை நான் மனதார ஏற்பேன். ஆனால் பதிவு வெளியில் வராமல் பலன் கிடைக்கிறது என்று எப்படி நம்புவது?

வடகடல் (நோர்வே)

கணக்கெடுப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்றாலைக்குக் கீழே மாதம் ஒருமுறை நடந்து, மூன்று உடல் கிடைத்தது, ஆகவே மூன்று பறவை செத்தது என்று எழுதுவது கணக்கே அல்ல. இரவில் விழுந்ததை விடியும் முன் நாயும் நரியும் காகமும் தூக்கிப் போயிருக்கும். புல்லுக்குள் கிடக்கும் சின்னப் பறவை ஆள் கண்ணுக்குத் தட்டுப்படாது. கடலோரக் காற்றாலை என்றால் தண்ணீரில் விழுவதும் உண்டு.

முறையாகச் செய்பவர்கள் முதலில் செத்த கோழிக் குஞ்சு, காடை போன்றவற்றைத் தெரிந்த இடங்களில் போட்டுவைப்பார்கள். தேடுகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். போட்டதில் எத்தனையை அவர் கண்டுபிடிக்கிறார், எத்தனை நாளில் எத்தனை காணாமல் போகிறது என்று பார்த்து, கிடைத்த எண்ணைத் திருத்துவார்கள். இங்கே ஸ்மோலாவில் மோப்ப நாய்களைக்கூடப் பயன்படுத்தினார்கள். மன்னாரில் தெருநாய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்தத் திருத்தம் செய்யாத எண் எதைக் காட்டினாலும், எப்படி எண்ணினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

பேசாலைக் கரை

எண்ணுகிற வேலையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு கொடுக்கட்டும். கரையில் விடியும் முன் நிற்பவர்கள் நாங்கள்தான். எது எங்கே விழுகிறது என்று முதலில் தெரிவது எங்களுக்கு.

நெய்தல்கரை (மன்னார்)

எல்லோருக்கும் நன்றி. ஊர்க் கூட்டத்துக்கான கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். திட்டுகளுக்கும் வங்காலைக்கும் பக்கத்தில் புதிய காற்றாலை கூடாது என்பது முதல் பந்தி. பிறகு நிறுத்தும் அதிகாரம் உள்ள கண்காணிப்பாளர், இரவு கட்-இன் வேகம், கம்பி, திருத்திய சாவுக் கணக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வேலை. கறுப்பு இறக்கையைச் சோதனையாக மட்டும் கேட்கிறேன். ஆரல்காற்று அண்ணா, ஒரு சந்தேகம். பறவைக்காக நிறுத்தினோம் என்று அவர்கள் சொன்னால் அதை எந்தப் பதிவில் பார்க்கலாம்? என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி)

ஸ்காடா பதிவு என்று கேளுங்கள் தம்பி, மெஷின்களைக் கண்காணிக்கும் கணினியின் பதிவு அது. ஒவ்வொரு மெஷினுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி தானாகப் பதிவாகும்: காற்று வேகம், சுற்று, உற்பத்தி. நிறுத்தினால் எப்போது, என்ன காரணம் என்று அலாரம் பட்டியலில் தனிக் குறியோடு வரும். கிரிட்டுக்காக நிறுத்தியதும் பறவைக்காக நிறுத்தியதும் ஒரே குறியில் கலந்துவிடாமல், பறவைக்கென்று தனிக் குறி வைக்கச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ராடார் பதிவையும் இதையும் ஒரே நாளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பறவை வந்த நேரத்தில் மெஷின் நின்றதா ஓடியதா என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாதம் ஒருமுறை வெளியிடச் சொல்லுங்கள். கோப்பு கிடைத்ததும் இங்கே போடுங்கள், வரிக்கு வரி உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.